பிறந்த மண்ணும் ஆண்ட அரசும்: எல்லைகள் மாறும்போது வீரர்களின் பிறப்பிடத்தைப் பதிவது எப்படி?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைப் பொழிவு என்றால் பெரிய பொருளாக எடுத்துப் பேசுவது மரபு. நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு வரி. விளையாட்டு வீரர்களின் வாழ்க்கைக் குறிப்பில் பெயருக்கும் பிறந்த தேதிக்கும் அடுத்தபடியாக வருகிற ‘பிறந்த இடம்’ என்ற வரி. வீரர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுக்கிற வேலையில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். வென்ற பதக்கம், ஓடிய நேரம், அடித்த கோல் இவற்றிலெல்லாம் அவர்களுக்குச் சிக்கல் அதிகம் வராது. இந்த ஒரு வரிதான் அவர்களை உட்காரவைத்துவிடும். ஏனென்றால் ஊர் அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றி வரைந்த கோடுதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

நாகர்கோவில், 1937

நமக்கு நெருக்கமான ஒருவரிடமிருந்தே தொடங்குகிறேன். டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன். 1954இல் விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் அரையிறுதி வரை போனவர். 1966இல் இந்தியா டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றை எட்டியபோது அணியின் தூணாக நின்றவர். குடும்பத்தின் பூர்வீகம் தென்காசி. அவர் பிறந்தது 1937 ஏப்ரல் 11ஆம் நாள், நாகர்கோவிலில்.

‘நாகர்கோவில், தமிழ்நாடு’ என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம் என்று தோன்றும். ஆனால் 1937இல் நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆட்சி. கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியாகி அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. ‘சரி, அன்றைய பெயரைப் போட்டுவிடுவோம்’ என்று ‘சென்னை மாகாணம், பிரிட்டிஷ் இந்தியா’ என எழுதுகிறவர்களும் உண்டு. அதுவும் பிழைதான். திருவிதாங்கூர், சென்னை மாகாணத்துக்குள் அடங்கிய பகுதி அல்ல. பிரிட்டிஷ் மேலாண்மைக்கு உட்பட்டு, தனக்கென மன்னரும் திவானும் வைத்திருந்த சமஸ்தானம். இன்று தமிழ்நாட்டில் இருப்பதெல்லாம் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது என்று எண்ணிக்கொள்வதால் வருகிற பிழை இது. நாகர்கோவில் மட்டுமில்லை, புதுக்கோட்டையும் 1948 வரை தனிச் சமஸ்தானம்தான்.

நாகர்கோவிலின் கதை அங்கே நிற்கவில்லை. 1949 ஜூலை 1ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து திரு-கொச்சி ஆயின. கிருஷ்ணன் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்ற 1954இல் அவர் பிறந்த ஊர் திரு-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தென் திருவிதாங்கூர்த் தமிழர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 1956 நவம்பர் 1ஆம் நாள், தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துடன் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் உருவானது. அகத்தீஸ்வரம் தாலுகாவில் இருந்த நாகர்கோவில் அதன் தலைநகரம் ஆயிற்று. ஆக, அவர் விம்பிள்டன் அரையிறுதி ஆடியபோது ஊர் சென்னை மாநிலத்தில் இருந்தது. 1969 ஜனவரி 14ஆம் நாள் சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது.

1937க்கும் 1969க்கும் இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள். திருவிதாங்கூர், திரு-கொச்சி, சென்னை, தமிழ்நாடு என்று நான்கு பெயர்கள். இவற்றுள் எதை எழுதுவது?

ஒரு வரிக்குள் இரண்டு கேள்விகள்

‘எங்கே பிறந்தார்?’ என்பது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் உண்மையில் இரண்டு கேள்விகள். எந்த மண்ணில் பிறந்தார் என்பது ஒன்று. பிறந்தபோது அந்த மண் யாருடைய ஆட்சியில் இருந்தது என்பது மற்றொன்று. முதலாவது புவியியல் கேள்வி, இரண்டாவது வரலாற்றுக் கேள்வி. இரண்டுக்கும் ஒரே விடையை எழுதப் பார்க்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

கேட்கிறவருக்கு எது வேண்டும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். தன் மாவட்டத்தில் பிறந்த வீரர்களின் பட்டியலைத் தயாரிக்கிற உடற்கல்வி ஆசிரியருக்கு மண்தான் முக்கியம். நாகர்கோவிலில் யார் பிறந்திருந்தாலும் அவர் கன்னியாகுமரிக்காரர். சமஸ்தானங்களில் விளையாட்டு வளர்ந்த விதத்தை ஆராய்கிறவருக்கோ ஆட்சிதான் முக்கியம். இருவர் கேட்பதும் நியாயமே. ஒரு நல்ல பதிவு இருவருக்கும் விடை சொல்ல வேண்டும்.

குந்தியிலிருந்து இருவர்

இந்தச் சிக்கலின் ஆழம் முழுதும் தெரிய வேண்டுமானால் சோட்டா நாகபுரிக்குப் போக வேண்டும். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முறையாக ஹாக்கித் தங்கம் வென்றது. அந்த அணியின் தலைவர் ஜெய்பால் சிங். முண்டா பழங்குடியைச் சேர்ந்தவர். மிஷன் பள்ளியில் தொடங்கி ஆக்ஸ்போர்டு வரை சென்று படித்தவர். பிறந்தது 1903 ஜனவரி 3, குந்திக்கு அருகேயுள்ள தக்ரா என்ற சிற்றூர்.

1903இல் தக்ரா எங்கே இருந்தது? ராஞ்சி மாவட்டத்தில். ராஞ்சி மாவட்டம் வங்காள மாகாணத்தில். அப்படியானால் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் ஹாக்கித் தலைவர் வங்காளத்தில் பிறந்தவர் என்று எழுதினால் அது பொய்யாகாது. 1912இல் பிகாரும் ஒரிசாவும் வங்காளத்திலிருந்து பிரிந்து ஒரே மாகாணம் ஆயின. 1936இல் ஒரிசா பிரிந்தது. தக்ரா பிகாரில் தங்கியது. 2000 நவம்பர் 15இல் ஜார்க்கண்ட் மாநிலம் பிறந்தது. 2007இல் ராஞ்சி மாவட்டத்திலிருந்து குந்தி தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாகாணமும் மாநிலமுமாக நான்கு, மாவட்டம் இரண்டு. ஊர் ஒன்றே.

இங்கே இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஜெய்பால் சிங் ஹாக்கியோடு நின்றுவிடவில்லை. ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். அரசியல் நிர்ணய சபையில் பழங்குடிகளுக்காக வாதாடினார். ஜார்க்கண்ட் கட்சியைத் தொடங்கி, தனி மாநிலக் கோரிக்கையைத் தேர்தல் களத்துக்குக் கொண்டுவந்தார். மக்கள் அவரை மரங் கோம்கே, அதாவது பெருந்தலைவர், என்று அழைத்தார்கள். அவர் 1970இல் மறைந்தார். கேட்ட மாநிலம் கிடைத்தது அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து. தன் பிறப்பிட வரியில் உள்ள மாநிலப் பெயரை மாற்றுவதற்காகவே பாதி வாழ்க்கையைச் செலவிட்ட வீரர் அவர்.

அவருடைய குறிப்பில் ‘ஜார்க்கண்டில் பிறந்தார்’ என்று மட்டும் எழுதினால் என்ன ஆகிறது? மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு, அவர் போராடியதற்கான காரணத்தையே அழித்துவிடுகிறோம். ஜார்க்கண்டில் பிறந்தவர் எதற்காக ஜார்க்கண்ட் கேட்டுப் போராட வேண்டும்? ‘வங்காள மாகாணத்தில் பிறந்தார்’ என்று மட்டும் எழுதினாலோ, கொல்கத்தாக்காரர் என்று வாசகர் நினைத்துவிடுவார். அவர் வரலாறு அந்த இரண்டு பெயர்களுக்கும் இடையில்தான் இருக்கிறது. ஒன்றை விட்டாலும் அது காணாமல் போகும்.

அதே குந்திப் பகுதியின் ஹேசல் என்ற ஊரில் 1993இல் பிறந்தவர் நிக்கி பிரதான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்திய மகளிர் ஹாக்கி அணியில் ஆடினார். ஜார்க்கண்டிலிருந்து ஒலிம்பிக் சென்ற முதல் ஹாக்கி வீராங்கனை என்று அவரைக் கொண்டாடினார்கள். சரியான புகழ்தான். ஆனால் 1993இல் அவர் ஊர் பிகாரின் ராஞ்சி மாவட்டத்தில் இருந்தது. 1981இல் ராஞ்சியில் பிறந்த மகேந்திர சிங் தோனிக்கும் இதே கதை. அவர் ரஞ்சிக் கோப்பையில் முதலில் ஆடியது பிகாருக்காக. ஜார்க்கண்ட் அணிக்கு ஆடியது பிறகுதான்.

1903இல் பிறந்த ஜெய்பால் சிங்கை வங்காளத்திலும், 1993இல் பிறந்த நிக்கி பிரதானைப் பிகாரிலும் எழுதி, அதோடு நிறுத்திக்கொண்டால், ஒரே வட்டாரத்துக்காரர்கள் இருவரும் எந்தப் பட்டியலிலும் சேர்ந்து வரமாட்டார்கள். இன்றைய மாநிலத்தை மட்டும் எழுதினால் தொண்ணூறு ஆண்டு வரலாறு மறைந்துபோகும். இரண்டும் வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

போகிற போக்கில் இன்னும் இரண்டு பெயர்கள். 1948, 1952, 1956 ஒலிம்பிக்குகளில் தங்கமும் 1960இல் வெள்ளியும் வென்ற ஹாக்கி வீரர் லெஸ்லி கிளாடியஸ் பிறந்தது பிலாஸ்பூரில், 1927இல். அன்று அது மத்திய மாகாணம். பிறகு மத்தியப் பிரதேசம். 2000 முதல் சத்தீஸ்கர். மாநிலப் பெயரை விட்டுவிட்டு வெறுமனே ‘பிலாஸ்பூர்’ என்று எழுதினால் இமாசலப் பிரதேசத்து பிலாஸ்பூர் என்று கொள்வாரும் இருப்பர். கபில்தேவ் 1959இல் பிறந்தபோது சண்டிகர் பஞ்சாபின் தலைநகரம். 1966 நவம்பர் 1ஆம் நாள் ஹரியாணா பிரிந்தபோது சண்டிகர் ஒன்றியப் பகுதி ஆகி, இரு மாநிலங்களுக்கும் தலைநகரம் ஆயிற்று. அவர் ரஞ்சிக் கோப்பையில் ஆடியதோ ஹரியாணாவுக்காக. பிறந்த மாநிலம், பிறந்த ஊரின் இன்றைய நிலை, ஆடிய அணி என்று மூன்றும் மூன்று விதம்.

நாட்டு எல்லையே நகர்ந்தபோது

மாநில எல்லை மாறியதற்கே இவ்வளவு என்றால், நாட்டு எல்லை மாறிய இடங்களில் பிறந்த இட வரி வெறும் தகவலாக இருப்பதில்லை. அதில் இரத்தமும் கண்ணீரும் கலந்துவிடுகின்றன.

மில்கா சிங் பிறந்தது பஞ்சாபின் முசாபர்கர் பகுதியிலிருந்த கோவிந்தபுரா. பிரிவினைக் கலவரத்தில் பெற்றோரை இழந்து, அகதியாக டெல்லிக்கு வந்த சிறுவன். 1960 ரோம் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் ஓட்டத்தில் நான்காவதாக வந்தார். அதே ஆண்டு லாகூரில் பாகிஸ்தான் ஓட்ட வீரர் அப்துல் காலிக்கை வென்றபோதுதான் ‘பறக்கும் சீக்கியர்’ என்ற பெயர் நிலைத்தது. அவரைப் ‘பாகிஸ்தானில் பிறந்தவர்’ என்று எழுதுவது எவ்வளவு எளிது! ஆனால் அவர் பிறந்தபோது பாகிஸ்தான் என்ற நாடே கிடையாது. ‘இந்தியாவில் பிறந்தவர்’ என்று எழுதினால், அந்த ஊரை இன்றைய இந்திய வரைபடத்தில் தேடிக் களைத்துப் போவோம். ‘கோவிந்தபுரா, பஞ்சாப் மாகாணம், பிரிட்டிஷ் இந்தியா, இன்று பாகிஸ்தானில்’ என்று எழுதும்போதுதான் அவர் ஏன் அகதியானார் என்பது அந்த வரியிலேயே தெரிகிறது. நம் கடவுச்சீட்டு விண்ணப்ப முறையும் இதை ஒப்புக்கொண்டது. 1947 ஆகஸ்ட் 15க்கு முன்னர், இன்றைய பாகிஸ்தானிலோ வங்கதேசத்திலோ அடங்கிய ஊரில் பிறந்தவர்களுக்குப் ‘பிரிக்கப்படாத இந்தியா’ என்று எழுதுகிற ஏற்பாடு அதில் உண்டு.

கொரியாவின் சோன் கீ-சுங் கதை இன்னும் கூர்மையானது. அவர் பிறந்தது 1912இல், சினுய்ஜூ என்ற எல்லைப்புற ஊரில். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் ஜப்பான் கொரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1936 பெர்லின் ஒலிம்பிக் மாரத்தானில் 2 மணி 29 நிமிடம் 19.2 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். மேடையில் ஒலித்தது ஜப்பானின் தேசிய கீதம். மார்பில் இருந்தது ஜப்பானின் சூரியன். பெயர்கூட ஜப்பானிய உச்சரிப்பில் சோன் கிதெய் என்றே பதிவாயிற்று. சியோலின் தோங்கா இல்போ நாளிதழ் அவர் மேடையில் நின்ற படத்திலிருந்து அந்தக் கொடியை அழித்துவிட்டு அச்சிட்டது. அதற்காகப் பத்திரிகையாளர்கள் சிறை சென்றார்கள். பத்திரிகை மாதக் கணக்கில் முடக்கப்பட்டது. 1970இல் தென்கொரிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் பெர்லின் விளையாட்டரங்குக்குள் போய், வெற்றியாளர் பலகையில் சோனின் நாட்டுப் பெயரைச் செதுக்கி ‘கொரியா’ என்று மாற்றினார். அரங்கத்தார் மீண்டும் பழையபடி ‘ஜப்பான்’ என்றே பொறித்தார்கள். இன்றும் ஒலிம்பிக் பதிவில் அந்தத் தங்கம் ஜப்பானுடையது.

அந்த உறுப்பினரின் கோபம் எனக்குப் புரிகிறது. உங்களுக்கும் புரியும். ஆனாலும் அரங்கத்தார் செய்தது சரி என்றே நினைக்கிறேன். பலகையில் ‘கொரியா’ என்று மாற்றிவிட்டால், ஒரு கொரியர் ஜப்பானியராக ஓட வேண்டியிருந்தது என்ற அநியாயத்துக்குச் சான்று எங்கே இருக்கும்? பழைய பெயரை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் உண்மையைச் சொல்வதுதான் அவருக்குச் செய்யும் நீதி. இதிலும் ஒரு விந்தை உண்டு. சோன் பிறந்த சினுய்ஜூ இன்று வடகொரியாவில் இருக்கிறது. அவர் வாழ்ந்ததும் மறைந்ததும் தென்கொரியாவில். 1988 சியோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில் தீபத்தை ஏந்தி அரங்குக்குள் வந்தவர் அவர். பிறந்தபோது ஜப்பானின் ஆட்சி, இன்று வடகொரியா, வாழ்ந்தது தென்கொரியா. ஒரே கட்டத்தில் இந்த மூன்றையும் எப்படித் திணிப்பது?

பிறப்பிடத்தையே மாற்றியவர்

எல்லைதான் மாறும் என்பதில்லை. தேவைப்பட்டால் பிறப்பிடத்தையே மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. நம்மில் பலருக்கு டார்சான் நடிகராகத் தெரிந்த ஜானி வைஸ்முல்லர், 1924, 1928 ஒலிம்பிக்குகளில் நீச்சலில் ஐந்து தங்கம் வென்றவர். அவர் 1904இல் பிறந்தது ஃபிரைடார்ஃப் என்ற ஊரில். ஜெர்மன் பேசும் குடியானவர்கள் வாழ்ந்த இடம். அன்று அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஹங்கேரியப் பகுதி. முதல் உலகப் போருக்குப் பின் அந்த வட்டாரம் ருமேனியாவுக்குப் போனது. இன்று ஃபிரைடார்ஃப், திமிஷோவாரா நகரின் ஒரு பகுதி.

கைக்குழந்தையாக இருக்கும்போதே அமெரிக்கா வந்தவர். ஒலிம்பிக் அணியில் சேர அமெரிக்கக் குடியுரிமைக்கு ஆதாரம் தேவைப்பட்டது. பென்சில்வேனியாவின் விண்ட்பர் ஊரில் தம்பி பீட்டர் பிறந்திருந்தார். அந்த ஊரே அண்ணனின் பிறப்பிடமாகவும் பதிவாயிற்று. நெடுங்காலம் அப்படியே அச்சிட்டு வந்தார்கள். பின்னர் ஞானஸ்நானப் பதிவேடு உண்மையைக் காட்டிக்கொடுத்தது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். முதலாவது, பிறப்பிட வரிக்குப் பக்கத்தில் அதற்கான ஆதாரம் என்ன என்பதையும் குறிக்க வேண்டும். பிறப்புப் பதிவேடா, பள்ளிச் சான்றிதழா, அவரே சொன்னதா, செய்தித்தாளில் வந்ததா? பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் தோராயமாக ஒரு பிறந்த தேதியைப் போட்டுவிடும் வழக்கம் நமக்குத் தெரியாததல்ல. மில்கா சிங்குக்கே ஒன்றுக்கு மேற்பட்ட பிறந்த தேதிகள் பதிவில் உள்ளன. ஆதாரங்கள் முரண்பட்டால் இரண்டையும் குறிப்பதுதான் நேர்மை. இரண்டாவது பாடம்: ‘ருமேனியாவில் பிறந்த வைஸ்முல்லர்’ என்று திருத்துகிறவர்களும் பாதிதான் திருத்துகிறார்கள். 1904இல் ஃபிரைடார்ஃப் ருமேனியாவில் இல்லை. பொய்யைக் களைந்த கையோடு காலப்பிழையைக் கொண்டுவந்து வைக்கக் கூடாது.

பழையது உறுதி, புதியது ஆட்டம்

இப்போது இந்தப் பொழிவின் மையக் கருத்துக்கு வருகிறேன். பொதுவாக நாம் என்ன நினைக்கிறோம்? பழைய நிர்வாகப் பெயர்கள் குழப்பமானவை. இன்றைய பெயர்கள் தெளிவானவை. ஆகவே இன்றைய பெயரைப் போட்டால் சிக்கல் தீர்ந்தது என்று. உண்மை இதற்கு நேர்மாறானது.

1937 ஏப்ரல் 11ஆம் நாள் நாகர்கோவில் திருவிதாங்கூரில் இருந்தது. இதை இனி எந்தச் சட்டமும் மாற்ற முடியாது. நடந்து முடிந்துவிட்டது. ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் ஐந்நூறு ஆண்டு கழித்தும் திருத்த வேண்டியதில்லை. திருத்திக்கொண்டே இருக்க வேண்டியது இன்றைய பெயரைத்தான்.

விசுவநாதன் ஆனந்தைப் பாருங்கள். 1969 டிசம்பர் 11ஆம் நாள் பிறந்தார். மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்று அப்போது பதினோரு மாதம் ஆகியிருந்தது. எனவே மாநிலத்தில் சிக்கல் இல்லை. ஆனால் ஊர் அன்று மாயூரம், தஞ்சாவூர் மாவட்டம். 1982இல் ஊரின் பெயர் மயிலாடுதுறை ஆயிற்று. 1988இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோதும் மாவட்டம் தஞ்சாவூர்தான். 1991இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தது. 2000இல் உலகச் சாம்பியன் ஆனபோது அவர் பிறந்த ஊர் நாகை மாவட்டத்தில். 2020இல் மயிலாடுதுறையே தனி மாவட்டம், தமிழ்நாட்டின் 38ஆவது. ‘இன்று’ என்று எழுதிவைத்ததை மூன்று முறை திருத்த வேண்டியிருந்தது. ‘அன்று’ என்று எழுதியதைத் தொடவே வேண்டாம்.

இன்றைய பெயர் சச்சரவுக்கு உள்ளாவதும் உண்டு. கோலூன்றித் தாண்டுதலில் உலகை ஆண்ட செர்கேய் புப்கா 1963இல் பிறந்த ஊர் உக்ரைனின் லுகான்ஸ்க். சோவியத் தளபதி வொரோஷிலோவின் பெயரால் 1935இல் அது வொரோஷிலோவ்கிராட் ஆனது. 1958இல் பழைய பெயர் திரும்பியது. வொரோஷிலோவ் இறந்தபின் 1970இல் மறுபடியும் வொரோஷிலோவ்கிராட். 1990இல் மறுபடியும் லுகான்ஸ்க். சோவியத் காலத்தில் பிறந்தவர்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு வொரோஷிலோவ்கிராட் என எழுதினால் தவறு; அவர் பிறந்த 1963இல் ஊர் லுகான்ஸ்க் என்றே இருந்தது. ஆண்டைப் பார்க்காமல் பெயரைப் போடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த நகரம் 2014 முதல் ரஷ்ய ஆதரவுப் படைகளின் பிடிக்குப் போனது. 2022இல் ரஷ்யா அதைத் தன்னுடையது என்று அறிவித்தது. உலக நாடுகளில் மிகப் பெரும்பாலானவை அதை ஏற்கவில்லை. ஆக, புப்கா குறிப்பில் சண்டைக்கு இடமான வரி எது? ‘இன்று’ என்பதுதான். ‘அன்று: உக்ரைன் சோவியத் சோசலிசக் குடியரசு, சோவியத் ஒன்றியம்’ என்பதில் மாஸ்கோவுக்கும் கீவுக்கும்கூடக் கருத்து வேறுபாடு இல்லை.

மூன்று வரி முறை

ஆகவே நான் முன்வைக்கும் முறை எளிது. பிறப்பிடத்தை மூன்று வரியாக எழுதுங்கள்.

முதல் வரியில் ஊர். எவ்வளவு சிறிய ஊரோ அவ்வளவு நல்லது. மாவட்டங்கள் பிரியும், மாநிலங்கள் பிரியும். தக்ராவும் ஹேசலும் பிரிவதில்லை. ‘ராஞ்சி அருகே’ என்று எழுதியிருந்தால் குந்தி மாவட்டம் பிரிந்தபோது என்ன செய்வோம்? கணினியில் ஏற்றுகிறவர்கள் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் சேர்த்துவிட்டால் பெயர் மாறினாலும் இடம் தவறாது.

இரண்டாம் வரி ‘அன்று’. பிறந்த நாளன்று அந்த ஊர் எந்த மாவட்டம், எந்த மாகாணம் அல்லது சமஸ்தானம், எந்த நாடு. ஊரின் அன்றைய பெயர் வேறாக இருந்தால் அதுவும் இங்கேதான். எந்த ஆதாரத்தைக் கொண்டு எழுதினோம் என்பதும் இங்கேயே.

மூன்றாம் வரி ‘இன்று’. இன்றைய மாவட்டம், மாநிலம், நாடு. இந்த ‘இன்று’ எந்த ஆண்டின் இன்று என்பதையும் குறிக்க வேண்டும்.

ஜெய்பால் சிங்குக்கு எழுதிக் காட்டுகிறேன்.

ஊர்: தக்ரா.
அன்று (1903): ராஞ்சி மாவட்டம், வங்காள மாகாணம், பிரிட்டிஷ் இந்தியா.
இன்று: குந்தி மாவட்டம், ஜார்க்கண்ட், இந்தியா.

ராமநாதன் கிருஷ்ணனுக்கு:

ஊர்: நாகர்கோவில்.
அன்று (1937): திருவிதாங்கூர் சமஸ்தானம்.
இன்று: கன்னியாகுமரி மாவட்டம், தமிழ்நாடு, இந்தியா.

ஆடிய அணியையும் நாட்டையும் இந்த மூன்று வரிக்குள் கொண்டுவரக் கூடாது. அது தனிக் கட்டம். ஒலிம்பிக் சாசனம் ஒரு வீரர் எந்த நாட்டுக்காக ஆடலாம் என்பதைக் குடியுரிமையைக் கொண்டு தீர்மானிக்கிறது. பிறப்பிடத்தைக் கொண்டு அல்ல. ஒரு பகுதி விடுதலை பெற்றுத் தனி நாடானால், வீரர் பழைய நாட்டுக்கே தொடர்ந்து ஆடலாம், புதிய நாட்டையும் தேர்ந்துகொள்ளலாம் என்றும் அது இடம் கொடுக்கிறது. கால்பந்தில் ஃபிஃபா விதிகள் வேறு மாதிரி. அங்கே குடியுரிமையோடு, வீரரோ பெற்றோரோ தாத்தா பாட்டியோ அந்த மண்ணில் பிறந்தார்களா என்பதும் கணக்குக்கு வரும் சந்தர்ப்பங்கள் உண்டு. அங்கே பிறப்பிட வரி ஒருவரின் பிழைப்பையே தீர்மானிக்கும். அதனால்தான் அந்த வரியில் பெருமையையும் அரசியலையும் கலக்காமல், உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்கிறேன்.

சில மறுப்புகள்

‘மூன்று வரி எழுத இடமேது? பள்ளிக் குழந்தைக்குத் திருவிதாங்கூர் என்றால் என்ன தெரியும்?’ என்று கேட்பார்கள். இடம் குறைவாக உள்ள இடத்தில் ஊரையும் இன்றைய மாநிலத்தையும் மட்டும் போடுங்கள், பாதகமில்லை. ஆனால் ‘பிறந்தார்’ என்ற வினையோடு இன்றைய மாநிலத்தை நேரடியாகச் சேர்க்காதீர்கள். ‘நாகர்கோவிலில் (இன்றைய தமிழ்நாடு) பிறந்தார்’ என்பதில் ‘இன்றைய’ என்ற ஒற்றைச் சொல் வரலாற்றைக் காப்பாற்றிவிடுகிறது. குழந்தைக்குத் திருவிதாங்கூர் தெரியவில்லை என்றால், தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வாசல் வேறு எது?

இன்னொரு மறுப்பு, கணினியிலிருந்து வருவது. மாநிலம் என்ற கட்டத்தைச் சொடுக்கினால் இன்றைய 28 மாநிலங்களும் 8 ஒன்றியப் பகுதிகளும்தான் இறங்கி வரும். அதில் திருவிதாங்கூரும் இல்லை, வங்காள மாகாணமும் இல்லை. தரவு உள்ளிடுகிற பிள்ளை என்ன செய்வாள்? பட்டியலில் இருப்பதைத் தேர்ந்தெடுப்பாள். பிழை அவளுடையது அல்ல, படிவத்தை அமைத்தவருடையது. ‘அன்று’ என்ற வரியைக் கையால் தட்டச்சிடும் வெற்றுக் கட்டமாக விட்டுவிட்டால் போதும்.

மூன்றாவது மறுப்பில்தான் உயிர் இருக்கிறது. ‘புதிய மாநிலம் தன் வீரர்களைக் கொண்டாட வேண்டாமா?’ வேண்டும். 2016இல் பி.வி. சிந்து ரியோவிலிருந்து வெள்ளிப் பதக்கத்தோடு வந்தபோது தெலங்கானாவும் ஆந்திரப் பிரதேசமும் போட்டி போட்டுக்கொண்டு பரிசுகளை அறிவித்தன. அவர் 1995இல் ஹைதராபாத்தில் பிறந்தபோது அது ஆந்திரப் பிரதேசத்தின் தலைநகரம். 2014 ஜூன் 2 முதல் தெலங்கானாவின் தலைநகரம். இரு மாநிலங்களும் உரிமை கொண்டாடின, யாருக்கும் நட்டமில்லை. கொண்டாட்டத்துக்கு எல்லையே கிடையாது. ஆனால் கொண்டாடுகிறவர் பேச்சை அப்படியே பதிவேட்டில் ஏற்றுவதற்கு எல்லை உண்டு.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். தலைச்சன் பிள்ளையைத் தாய்வீட்டில் பெற்றெடுப்பது நம் வழக்கம். ஆகவே சான்றிதழில் இருக்கும் ஊர் பெரும்பாலும் அம்மாவின் ஊர்; கேட்டால் பிள்ளை சொல்வதோ அப்பாவின் ஊர். இப்போது மருத்துவமனை இருக்கும் நகரத்தின் பெயர் சான்றிதழில் ஏறிவிடுகிறது. இவற்றைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ‘சொந்த ஊர்’ என்று ஒரு கட்டத்தைத் தனியாக வைத்துவிடுங்கள். பிறப்பிடம் ஆவணத்தைப் பேசட்டும்; சொந்த ஊர் மனத்தைப் பேசட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை

நிறைவாக, இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாவட்டத்தில் பிறந்து மாநில அணிக்கோ நாட்டு அணிக்கோ ஆடியவர்களின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் பிரிந்த தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசரமான வேலை. பழைய மாவட்டங்களின் பெயரோடு விளையாடியவர்கள் இன்னும் உங்கள் நடுவில் இருக்கிறார்கள். அவர்களிடமே போய்க் கேளுங்கள். எந்த ஊர், யார் வீடு, அன்று எந்தத் தாலுகா என்று கேளுங்கள். சான்றிதழ் இருந்தால் பாருங்கள். மூன்று வரி எழுதுங்கள். துறையிலும் ஒரு படி இருக்கட்டும், உங்கள் ஊர் நூலகத்திலும் ஒரு படி இருக்கட்டும்.

நாளை இன்னொரு மாவட்டம் பிரியலாம். ஊரின் பெயர் மாறலாம். அப்போது நீங்கள் எழுதிவைத்ததில் மூன்றாவது வரியை மட்டும் யாராவது திருத்தினால் போதும். முதல் இரண்டையும் எழுதியவர் சரியாக எழுதியிருந்தால் அவற்றின்மீது யாரும் கைவைக்க வேண்டியிருக்காது.